நாங்கள் கிளப்பிய தூசி: ஆழ்கடலில் படிவு எடுத்த அனுபவம்

என் முதல் ஆழ்கடல் டைவில் கொண்டுவந்த எட்டுக் கோர்களில் (கடலடி மண்ணை அடுக்குக் குலையாமல் குழாயில் எடுக்கும் மாதிரிகள்) ஆறினை, அந்த மண்ணின் மேற்பரப்பு ஆய்வுக்கு உதவாதவை என்று நானே பின்னர் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. மேலே வந்தபோது அவற்றில் எந்தக் குறையும் தெரியவில்லை. கண்ணாடிபோன்ற குழாய்களுக்குள் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாக்லேட் நிறக் களிமண் குலையாமல் இருந்தது. அதன் மேல் கடலடி நீர் கலங்காமல் நின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பஞ்சுபோன்ற மெல்லிய படலம் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. மேற்பரப்பு கெடாமல் வந்ததற்கு அந்தப் படலமே சாட்சி என்று குளிரறையில் நின்றபடி பெருமைப்பட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து டைவின் வீடியோவை நிதானமாகப் பார்த்தபோதுதான், அது கடல் காலங்காலமாகச் சேர்த்த படலம் அன்று, எங்கள் நீர்மூழ்கிக் கலம் தரையிறங்கியபோது கிளம்பிய புழுதி மறுபடி படிந்தது என்பது புரிந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இறங்கி, நாங்கள் கிளப்பிய தூசியையே அள்ளிக்கொண்டு வந்திருந்தோம்.

அது ஏன் அவ்வளவு பெரிய இழப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இறங்கிய இடம், ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே பசிபிக்கில் விரிந்து கிடக்கும் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதி. ஆழம் சுமார் 4,800 மீட்டர். பசிபிக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டருக்குக் கீழே, மேலிருந்து உதிரும் நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் படியும் வேகத்தை அவை கரையும் வேகம் மிஞ்சிவிடுவதால், அங்கே எஞ்சுவது காற்றோடு வந்து விழுந்த தூசு, எரிமலைத் துகள், சிலிக்கா ஓடுகள், மீன்களின் பற்கள் ஆகியவை கலந்த நுண்ணிய களிமண்தான். அந்தக் களிமண்ணில் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைக்காது. அது சேரும் வேகமோ ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆக, மேலே உள்ள ஒரே ஒரு சென்டிமீட்டரில் பல ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. அங்கு வாழும் உயிர்களில் பெரும்பங்கும், மேலிருந்து வரும் புதிய கரிமப் பொருளும், நீருக்கும் படிவுக்கும் இடையிலான உலோகப் பரிமாற்றமும் அந்த மேற்பகுதியிலேயே நடக்கின்றன. புழுக்கள் முதல் சில சென்டிமீட்டரைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அதை நாட்காட்டி போல அப்படியே படித்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிளறலின் அளவைக் கண்டுபிடிக்கவும், 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கதிரியக்க ஈயம்-210 மேலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்க்கவும், அதே மேற்பரப்பு அதே வரிசையில் வேண்டும். அடுக்குகளைக் கலைக்காமல் இதை எடுப்பதற்காகத்தான் மனிதர் ஏறிய கலம் அங்கே போகிறது. ஏதாவது மண் போதும் என்றால் கப்பலிலிருந்து வாளி கட்டி இழுத்தாலே போதும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் மாங்கனீசு முடிச்சுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகம் செறிந்த கரிய உருண்டைகளை, அப்படித்தான் மேலே கொண்டுவந்தது.

பிழை கடலடியில் தொடங்கவில்லை, முந்தைய நாள் மாலைக் கூட்டத்திலேயே தொடங்கிவிட்டது. பதினேழு வேலைகள் கொண்ட பட்டியலோடு போயிருந்தேன். பைலட் அதைப் படித்துவிட்டு, இவற்றில் மூன்று மட்டுமே முடியும் என்றால் எந்த மூன்று என்று கேட்டார். எல்லாமே முக்கியம் என்று பதில் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆழத்துக்குப் போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஏறி வருவதற்கு அதே அளவு, மொத்த டைவே எட்டு ஒன்பது மணி நேரம் என்னும்போது, அடியில் கையில் கிடைப்பது நான்கு மணி நேரம். அதிலும் நகர்வதற்கும் புழுதி அடங்கக் காத்திருப்பதற்கும் போக, இயந்திரக் கை உண்மையில் மாதிரி எடுக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் தேறாது. இப்போதெல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், முன்னுரிமை வரிசைப்படி ஐந்தே வரிகள் எழுதி எடுத்துப்போகிறேன். எது கெட்டால் எதைக் கைவிடுவது என்பதும் அதே தாளில் இருக்கும், ஏனெனில் அடியில் அமர்ந்து அதை யோசிக்க மனம் ஒத்துழைக்காது.

கலத்துக்குள் இருக்கப்போகும் மனிதர்களுக்கான தயாரிப்பு எளியதுதான், ஆனால் அலட்சியம் செய்தால் வேலை கெடும். இந்த வகைக் கலங்களில் மூவர் அமரும் டைட்டானியம் கோளத்தின் உள்விட்டம் சுமார் இரண்டு மீட்டர். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து சீராக வெளிவிடப்படும் அடைத்த இடம் என்பதால் தீ பற்றக்கூடிய எதற்கும் அங்கே இடமில்லை. செயற்கை இழை ஆடைகளையும் எண்ணெய்ப் பசையுள்ள பூச்சுகளையும் தவிர்த்து, பருத்தியும் கம்பளியும் அணியச் சொல்வார்கள். நீர்ப்பரப்பில் இருக்கும்போது உள்ளே வியர்த்துக் கொட்டும். அடியிலோ நீரின் வெப்பநிலை ஒன்றரை டிகிரி செல்சியஸ் என்பதால் சுவர் மெல்லக் குளிர்ந்து, நம் மூச்சின் ஈரம் அதில் படிந்து சொட்டத் தொடங்கும். என் முதல் குறிப்பேட்டில் பேனா மை கரைந்து மூன்று பக்கங்கள் நீல மேகமாயின. நீர் புகாத தாளும் பென்சிலும் போதும். முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நல்லது. சிறுநீருக்கென்று பாட்டில் இருக்கிறது, ஆனால் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் மூவருக்கும் அது வசதியான காட்சி அல்ல.

இறங்கும் பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், வேலைக்குப் பயன்படுவது கொஞ்சமே. அலையில் ஆடும் முதல் சில நிமிடங்களில்தான் குமட்டல். கலம் மூழ்கியதும் அது நின்றுவிடும். இரும்பு எடைகளின் பாரத்தில் கலம் தானாகவே இறங்குவதால் மோட்டார்கள் ஓய்வில் இருக்கும், மின்கலத்தைச் சேமிப்பதற்காக விளக்குகளும் அணைந்திருக்கும், சன்னலுக்கு வெளியே ஒளிரும் உயிர்கள் தீப்பொறி போல மேல்நோக்கிப் பறக்கும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில் அடியில் சுவரின் மேல் ஏறக்குறைய 480 வளிமண்டல அழுத்தம் இருக்கும். உள்ளே இருப்பவருக்கோ வழக்கமான காற்றழுத்தமே. இந்த இரண்டு மணி நேரத்தை வேடிக்கை பார்ப்பதோடு கடிகாரங்களைச் சரிபார்க்கவும் பயன்படுத்த வேண்டும் என்பதை நான் சிரமப்பட்டுக் கற்றேன். என் கைக்கேமரா கப்பலின் உள்ளூர் நேரத்தில், அதுவும் மூன்றரை நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. கலத்தின் கருவிகளோ உலகப் பொது நேரத்தில் இருந்தன. எந்தப் படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று பொருத்திப் பார்ப்பதற்குள் இரண்டு இரவுகள் போயின. மூன்றரை நிமிடத்தில் கலம் ஐம்பது மீட்டர்கூட நகர்ந்திருக்கலாம், ஐம்பது மீட்டரில் முடிச்சுகளின் அடர்த்தி இரட்டிப்பாகலாம்.

இனி அந்தத் தூசிக்கு வருகிறேன். அடியிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் பைலட் எடையின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு, கலத்தை ஏறத்தாழ மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். சில நிமிடங்களில் விளக்கொளியில் பழுப்புத் தரை தோன்றியது. உருளைக்கிழங்கு அளவுள்ள கரிய முடிச்சுகள், பாதி புதைந்தும் பாதி வெளியே துருத்தியும், கண்ணுக்கெட்டிய தூரம் பரவியிருந்தன. அழகான அடர்த்தி கண்ணில் பட்ட இடத்தில் இறங்குங்கள் என்று அவசரப்பட்டவன் நான்தான். நீரோட்டம் எங்கள் முதுகுப்புறமிருந்து வந்துகொண்டிருந்தது. கலத்தின் சறுக்குக்கால்கள் தரையைத் தொட்டதும் எழுந்த புழுதி, எதிரோட்டமாக இருந்திருந்தால் பின்னே போயிருக்கும். இப்போது அது நாங்கள் மாதிரி எடுக்க நினைத்த முன்பக்கத்துக்கே நகர்ந்தது. ஆழ்கடலில் நீரோட்டம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். நொடிக்கு நான்கு சென்டிமீட்டர் என்று வைத்தால், பத்து நிமிடத்தில் புழுதி இருபத்துநான்கு மீட்டர் போகும். நாங்கள் காத்திருந்தது ஆறு நிமிடம். சன்னல் தெளிந்ததைக் கண்டு புழுதி விலகிவிட்டது என்று முடிவுசெய்தேன்; அதில் ஒரு பகுதி விலகாமல், கண்ணுக்கு முன்னாலேயே கீழே படிந்திருந்தது. வீடியோவில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது: இறங்குவதற்கு முன் கன்னங்கரேலென்று இருந்த முடிச்சுகளின் உச்சிகளில், பிறகு மாவு தூவியதுபோலப் பழுப்புப் பொடி. முடிச்சின் உச்சியில் புதிய பொடி இருந்தால் பக்கத்துக் களிமண்ணிலும் அதே பொடி இருக்கும் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. தரையைத் தொடுவதற்கு முன், நீரில் மிதக்கும் வெண்துகள்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று இரண்டு சன்னல்களிலும் பார்த்து, நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து இறங்கச் சொல்வேன். இறங்கிய இடத்தில் மாதிரி எடுப்பதில்லை. முதல் இறக்கம் எடையைச் சமன்செய்வதற்கு மட்டுமே. அங்கிருந்து எதிரோட்டமாகத் தரையைத் தொடாமல் ஐம்பது மீட்டராவது முன்னேறி, செங்குத்து மோட்டாரை இயக்காமல் மெல்ல அமர வேண்டும், ஏனெனில் அந்த மோட்டாரின் கீழ்நோக்கிய வீச்சு சறுக்குக்காலைவிட அதிகப் புழுதியைக் கிளப்பும். பிறகு முடிச்சுகளின் உச்சியைப் பார்க்க வேண்டும். அவை கரியனவாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். முதல் டைவில் தப்பிய இரண்டு கோர்களும் கடைசி நிறுத்தத்தில், தற்செயலாக எதிரோட்டத்தில் அமர்ந்தபோது எடுத்தவை.

குழாயைச் செருகும் விதத்திலும் அதே மேற்பரப்பை இழக்க வழி உண்டு. நாங்கள் பயன்படுத்தும் கையால் அழுத்தும் வகைக் கோர், சுமார் முப்பது சென்டிமீட்டர் நீளமும் ஏழு சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பாலிகார்பனேட் குழாய். தலையில் இயந்திரக் கை பற்றிக்கொள்ளக் குறுக்குப்பிடி, அதற்குக் கீழே நீர் வெளியேற மட்டும் திறக்கும் வால்வு. குழாயைத் தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே கொண்டுவந்து, அசைவு அடங்கும்வரை நிறுத்துகிறோம். பிறகு கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு இறக்குகிறோம். வேகமாக இறக்கினால் குழாய்க்கு முன்னே தள்ளப்படும் நீரே பஞ்சுப் படலத்தை ஊதிக் கலைத்துவிடும். விளிம்பு தரையைத் தொடும் கணத்தில் குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று பைலட்டால் தன் முன் சன்னலிலிருந்து சரியாகச் சொல்ல முடியாது, பக்கச் சன்னலில் இருப்பவருக்குத்தான் சாய்வு தெரியும். ஆகவே அந்த அரை நிமிடம் நம் வாய்தான் அவருக்குக் கண். இடம், வலம், நில் என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேசாமல் இருப்பது நலம். விளிம்புக்கு அடியில் சிறு முடிச்சு ஒன்று மாட்டினால், அது குழாயோடு சேர்ந்து இறங்கி, மேல் மண்ணைக் கீழ்வரை இழுத்துச் செல்லும். அதனால் முடிச்சுகளுக்கு இடையே வெற்றிடம் தேடிச் செருகுகிறோம். அப்படித் தேர்ந்தெடுத்தது என்பதையும் பதிவில் எழுதியாக வேண்டும், ஏனெனில் முடிச்சுக்கு அடியில் உள்ள மண்ணும் இடைவெளியில் உள்ள மண்ணும் ஒன்றல்ல. எடுக்கும்போதும் அவசரம் கூடாது. மெல்ல உருவி, சாய்க்காமல், கூடையில் உள்ள அடைப்பான் பொருத்திய உறைக்குள் நேராக இறக்க வேண்டும். ஒரு கோருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

கண்ணும் ஏமாற்றும். தட்டையான சன்னல் வழியே நீரில் உள்ள பொருள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலத் தெரியும். கை எட்டும் என்று நான் சொன்ன முடிச்சை நான்கு முறை முயன்றும் எட்டாமல் பைலட் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக விழும் இரண்டு லேசர்ப் புள்ளிகள் படத்தில் இல்லாவிட்டால் எந்த அளவையும் நம்பாதீர்கள். இடத்தைப் பொறுத்தும் அப்படியே: கப்பல் ஒலியலைகளால் நம் இருப்பிடத்தைக் கணிக்கிறது, தூரத்தில் அரை சதவீதப் பிழை என்றால்கூட 4,800 மீட்டரில் அது 24 மீட்டர். அதே இடத்துக்கு மறுபடி வர வேண்டும் என்றால் எண் எழுதிய மிதவைக் குறியை நட்டுவிட்டு வருவதே வழி.

முடிச்சுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி விஷயம் விடுபட்டுவிடும். அந்தப் பகுதி முடிச்சுகளில் எடையில் முப்பது சதவீதம் அளவுக்கு மாங்கனீசும், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் நிக்கலும், ஏறத்தாழ அதே அளவு செம்பும், 0.2 சதவீதம் கோபால்ட்டும் இருப்பதால்தான் உலகம் அவற்றைத் திரும்பிப் பார்க்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் நீரைப் பார்த்திருந்த மேற்பக்கம் வழவழப்பாகவும், மண்ணில் புதைந்திருந்த அடிப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். மேற்பக்கம் நீரிலிருந்தும் அடிப்பக்கம் மண்ணிடுக்கு நீரிலிருந்தும் உலோகத்தைப் பெறுவதே காரணம். அதனால் எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே என்று படம் பிடிப்பதும், மேலே வந்ததும் அதில் நூல் கட்டிக் குறிப்பதும் அவசியம். நான் முதலில் எடுத்த ஆறு சென்டிமீட்டர் முடிச்சை அறுத்தபோது நடுவில் சுறாவின் பல் இருந்தது. பத்து லட்சம் ஆண்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தால், பல்லிலிருந்து விளிம்பு வரை வளர அறுபது லட்சம் ஆண்டுகள். அதே காலத்தில் படியும் மண்ணோ பல மீட்டர் உயரும். இருந்தும் முடிச்சு புதையாமல் மேலேயே கிடக்கிறது. உயிரினங்கள் நிமிண்டி நிமிண்டி மேலே வைத்திருக்கின்றன என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, முழுமையான விளக்கம் இன்னும் எட்டவில்லை. மற்ற நான்கு முடிச்சுகளை மூடாத தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அவை காய்ந்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து கிடந்தன. கடல்நீரில் நனைந்தபடியே, காற்றுப் புகாமல், குளிரில் வைக்க வேண்டும். எடையையும் பைலட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிச்சின் அடர்த்தி நீரைப்போல் சுமார் இரண்டு மடங்கு, அதாவது காற்றில் இருபது கிலோ என்றால் நீருக்குள் அது பத்துக் கிலோ பாரம்.

தரையில் நாம் விடும் தடம் விரைவில் அழியாது என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். 1978இல் சோதனைச் சுரங்கக் கருவி இதே பகுதியில் இழுத்த தடத்தை, பிரான்சின் நோத்தில் கலம் 2004இல் பார்த்தபோது, 26 ஆண்டுகளுக்குப் பின்னும் அது நேற்று இழுத்ததுபோல விளிம்பு மழுங்காமல் இருந்தது. பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள ஆழ்கடல் படுகையில் 1989இல் உழுது பார்த்த தடங்களும் 2015இல் அப்படியே தெரிந்தன. எனவே எங்கள் சறுக்குக்காலின் இரட்டைக் கோடு என் ஆயுளுக்கும் அங்கே இருக்கும். அடுத்த குழு அதே இடத்தில் மாதிரி எடுக்கக்கூடும் என்பதால், நாங்கள் அமர்ந்த ஒவ்வோர் இடத்தையும், மாதிரி எடுக்காத இடங்கள் உட்பட, வரைபடத்தில் குறித்துவிடுகிறோம்.

கடலடி வெந்நீர் ஊற்றுகளில் விதிகள் பாதி தலைகீழாகின்றன. 1979இல் கிழக்குப் பசிபிக் முகட்டில், 21 டிகிரி வடக்கில், ஆல்வின் கலம் கரும்புகை கக்கும் புகைபோக்கிகளை அடைந்தபோது, வெப்பமானியின் பிளாஸ்டிக் தாங்கி உருகியதைக் கண்ட பிறகே அந்த நீர் 350 டிகிரிக்கும் மேல் சூடானது என்று தெரிந்தது. கலத்தின் சன்னல்களும் வெப்பத்தில் மென்மையாகும் பிளாஸ்டிக் வகைதான் என்பதால் பைலட்டுகள் இன்றுவரை அங்கே ஒதுங்கியே நிற்கிறார்கள். முடிச்சை ஈரமாக வைக்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து உடைத்த சல்பைடுத் தாதுவையோ உப்புப் போக நன்னீரில் அலசி, விரைவில் உலர்த்தி, நைட்ரஜனில் அடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் தங்கம்போல் மின்னிய செம்புக் கனிமம் சில வாரங்களில் மங்கித் துருவேறும். அதன் வெண்பகுதியான அன்ஹைட்ரைட் என்னும் கனிமம் சூடான நீரைவிடக் குளிர்ந்த நீரில் எளிதில் கரையும் இயல்புடையது, அதனால் கூடையிலேயே சிறிது கரைந்துபோகும். கடல்மலைகளின் மேல் படியும் கோபால்ட் செறிந்த மேலோடு வேறு வகைத் தலைவலி: அது பாறையோடு ஒட்டிக்கிடப்பதால் இயந்திரக் கையால் பெயர்க்க முயன்று ஒரு மணி நேரத்தை வீணாக்குவதைவிட, ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துண்டைத் தேடுவது மேல்.

இரண்டாவது முறை அதே முடிச்சு வயலுக்கு இறங்கியபோது எட்டுக் குழாய்களில் ஐந்து நன்றாக வந்தன. இரண்டு சாய்ந்திருந்தன, ஒன்றில் முடிச்சு மாட்டியிருந்தது. அவற்றையும் எறியவில்லை, ஆழப்பகுதி வேதியியலுக்கு அவை உதவும் என்று குறித்து வைத்தோம். வெப்பமண்டல மேல்நீரில் ஏறும்போது சூடாகாமல் இருக்க வெப்பத்தடுப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, தளத்தில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் நான்கு டிகிரி குளிரறைக்குத் தூக்கிச் சென்றோம். கோருக்குள் களிமண்ணின் மேல் நின்ற நீரை மெல்லிய குழாயால், படலம் அசையாதபடி சுவரோரமாக உறிஞ்சி எடுக்க இருபது நிமிடம் ஆனது. நீர் வடிந்ததும் களிமண்ணின் மேல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் மண்துகள்களால் கட்டிய குழல் ஒன்று நிமிர்ந்தே நின்றது, அதன் புழு உள்ளே சுருண்டிருந்தது. புழுதி மூடிய மண்ணில் அப்படியொரு குழல் என் கண்ணில் பட்டதே இல்லை. உலோகக் கத்தி களிமண்ணின் உலோக அளவைக் கெடுக்கும் என்பதால் பிளாஸ்டிக் தகட்டால் முதல் அரை சென்டிமீட்டரை வெட்டி, பையில் 0–0.5 என்று பென்சிலால் எழுதி, அதைச் சரிபார்க்க உடன் நின்றவரிடம் கொடுத்தேன். அவர் உரக்கப் படித்துவிட்டு அடுத்த பையை நீட்டினார்.